பிளானிங் டீமுக்கு ஒரு திறந்த மடல்: எங்க லீட் டைம் 4 நாள் இல்ல

மத்திய சப்ளை பிளானிங் டீமுக்கு,

போன வாரம் நீங்க அனுப்பின சர்குலர நாலு தடவ படிச்சேன். இனிமே எல்லா டெப்போவுக்கும் எல்லா ஐட்டத்துக்கும் ஒரே மாதிரி 21 நாள் ஸ்டாக், லீட் டைம் (ஆர்டர் விழுந்ததுலருந்து சரக்கு கைக்கு வர்ற வரைக்கும் ஆகற நாள்) எல்லாருக்கும் 4 நாள்னு சிஸ்டத்துலயே ஃபிக்ஸ், லோடு முழுசா சேராம லாரி கிளம்பாது, டெப்போக்காரங்க ரீபிளெனிஷ்மென்ட் (இருப்ப திரும்ப நிரப்பற ஆர்டர்) எண்ண மாத்துற ஆப்ஷன் லாக், ஏதாவது சொல்லணும்னா மாசம் ஒரு தடவ மெயில் போடணும். கடைசி பாராவுல, மூணு மாச டிரையல் வெற்றி, மொத்த நெட்வொர்க் இருப்பு குறஞ்சிருக்கு, லாரி நிரப்புறது கூடியிருக்குன்னு எழுதியிருக்கீங்க. அந்த டிரையல் ஓடுனதுல என் டெப்போவும் ஒண்ணு. அங்க என்ன நடந்துச்சுன்னு ஒருத்தர்கூட என்கிட்ட கேக்கல. அதனாலதான் மத்த எட்டு டெப்போக்காரங்களும் படிக்கிற மாதிரி வெளிப்படையா எழுதுறேன்.

எங்ககிட்ட ஒரு ஐட்டம் இருக்கு, அத ஏ-ன்னு வச்சுக்குங்க, தினமும் சுமார் 40 கார்ட்டன் போகும், ரொம்ப ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது, எந்த பிளானருக்கும் இத விட சுலபமான ஐட்டம் கிடைக்காது. டிரையலோட ரெண்டாவது மாசம் இது 186-க்கு இறங்கினதும் சிஸ்டம் சரியா ஆர்டர் போட்டுச்சு, அந்த 186 நீங்க 4 நாள் லீட் டைம் வச்சு கணக்கு பண்ணின ரீஆர்டர் லெவல். ஆனா ஆர்டர் விழுந்த அன்னைக்கு எங்க ரூட்டுக்கு லோடு சேரல. 8 நாள் உங்க குடோன் வாசல்ல காத்திருந்துச்சு, அப்புறம் ரோட்டுல 4 நாள், இங்க வந்ததும் இறக்கி ஜிஆர்என் (சரக்கு வந்து சேந்த பதிவு) போட 2 நாள். ஆக மொத்தம் 14 நாள். 186 கார்ட்டன் அஞ்சாவது நாள் மதியமே தீந்துடுச்சு. மிச்சம் 9 நாள் அந்த ரேக் காலி.

அந்த 9 நாளும் உங்க ஸ்கிரீன்ல "டிரான்சிட்ல இருக்கு"ன்னுதான் காட்டிச்சு, அதனால எந்த அலாரமும் அடிக்கல, ஏன்னா டிரான்சிட்ல இருக்கிறதயும் இருப்போட சேத்து பாத்தா டெப்போ நல்லாத்தான் இருக்கு. லாரிலயே ஏறாத சரக்கு எப்படி டிரான்சிட் ஆகும்? ஸ்டாக் டிரான்ஸ்ஃபர் பேப்பர் போட்ட உடனே உங்க சிஸ்டம் டிரான்சிட்னு எடுத்துக்குது, அந்த 8 நாள் சரக்கு உங்க பக்கத்துலயே தரையில இருந்தாலும். இதயே நான் மூணு தடவ மெயில்ல எழுதினேன்.

டீலர்ங்க தினமும் காலைல போன் பண்ணினாங்க. "அண்ணே, இன்னைக்காவது வருமா"ன்னு கேட்டவரு ஆறாவது நாளுக்கு மேல கேக்கல. அவரு போன் பண்ணாததுதான் எனக்கு அதிகமா வலிச்சுது, ஏன்னா கேக்குறவரைக்கும் அவரு நம்ம ஆளு, கேக்காம விட்டா வேற எங்கயோ வாங்கிட்டாருன்னு அர்த்தம், அந்த இழப்பு உங்க எந்த ரிப்போர்ட்லயும் வராது.

இப்ப அதோட தொடர்ச்சிய பாருங்க. அந்த மாசம் 30 நாள்ல 21 நாள்தான் எங்களால விக்க முடிஞ்சுது, 21 தடவ 40 மொத்தம் 840. சிஸ்டம் அத 30-ஆல வகுத்து ஒரு நாளைக்கு 28-ன்னு எடுத்துக்குச்சு. சரக்கு இல்லாததால விக்காத நாளையும், யாரும் கேக்காததால விக்காத நாளையும் ஒரே பூஜ்யமா பாத்தா இப்படித்தான் ஆகும். அடுத்த மாசம் 21 நாள் டார்கெட் 840-லருந்து 588 ஆச்சு. தினம் 40 கேக்குற இடத்துல 588-ங்கறது 15 நாளுக்குக்கூட வராது. அப்ப மறுபடியும் தீரும், மறுபடியும் பூஜ்யம் ஏறும், மறுபடியும் ஃபோர்காஸ்ட் இறங்கும். மொத்த இருப்பு குறஞ்சிருக்குன்னு சர்குலர்ல நீங்க சந்தோஷப்பட்டதுல என் ஏ ஐட்டத்தோட இந்த 252 கார்ட்டனும் இருக்கு. அது மிச்சம் பிடிச்சது இல்ல, கேட்டவனுக்கு கொடுக்காம விட்டது.

அதே மாசக் கடைசி ரெண்டு நாள்ல மூணு லாரி சேந்து வந்துச்சு. எங்ககிட்ட இருக்கறது சரக்கு இறக்கற டாக் ரெண்டுதான். மூணாவது லாரி டிரைவர் ரெண்டு ராத்திரி கேட்டுக்கு வெளிய கேபின்லயே படுத்திருந்தாரு, அவருக்கு அடுத்த லோடு போச்சு. தார்பாய பிரிச்சு பாத்தா பாதிக்கு மேல இருந்தது எங்ககிட்ட ஏற்கனவே 70 நாளுக்கு இருக்கிற ஸ்லோ மூவிங் ஐட்டம், லோடு நிரப்பறதுக்காக ஏத்தினது. இறக்கிட்டு இருந்த லோடுமேன் ஒருத்தர் "சார், இதையே திரும்ப எங்க அடுக்கறது"ன்னு கேட்டாரு, நான் பதில் சொல்லாம நடைபாதைல அடுக்கச் சொன்னேன், அப்படி அடுக்கக்கூடாதுன்னு எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். அதுல எக்ஸ்பைரி உள்ள ஐட்டமும் இருக்கு. ஆயுசு பாதிக்கு மேல போனா டீலர் தொடமாட்டாரு. முதல்ல முடியறத முதல்ல அனுப்புன்னு ரூல் இருக்கு, ஆனா பின்னாடி வந்த லோட முன்னாடி அடுக்கி வழிய அடைச்சா அந்த ரூல எப்படி காப்பாத்தறது.

லீட் டைம் பத்தி விவரமா சொல்லணும், ஏன்னா எல்லா தப்பும் அங்கதான் ஆரம்பிக்குது. டிரையல் தொடங்கின நாள்லருந்து ஒவ்வொரு லோடுக்கும் ஆர்டர் விழுந்த தேதி, லாரி கிளம்பின தேதி, வந்த தேதி, ஜிஆர்என் முடிஞ்ச தேதின்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். வேகமா வந்தது 4 நாள், லேட்டா வந்தது 14 நாள், சராசரி 7, ஏற்ற இறக்கம் சராசரிலருந்து சுமார் 3 நாள். உங்க 4 நாள்ங்கறது எங்க நோட்டுல இருக்கிற மிக நல்ல நாள். மிக நல்ல நாள வச்சு எல்லா நாளையும் பிளான் பண்றீங்க.

கணக்கு நீங்க படிச்சதுதான், புதுசா ஒண்ணும் இல்ல. ஏ ஐட்டத்தோட தினசரி ஏற்ற இறக்கம் சுமார் 8 கார்ட்டன். நூறு தடவ ஆர்டர் போட்டா 95 தடவ சரக்கு வர்ற வரைக்கும் தீராம இருக்கணும்னா பெருக்க வேண்டிய எண் 1.65. லீட் டைம் 4 நாள், அது மாறவே மாறாதுன்னு வச்சா சேஃப்டி ஸ்டாக் (எதிர்பாராததுக்கு கூடுதலா வைக்கிற இருப்பு) 1.65 தடவ 8 தடவ 4-ஓட வர்க்கமூலம், 26 வருது. 4 நாள் விக்கிற 160-ஓட 26 சேத்தா உங்க 186. ஆனா லீட் டைம் சராசரி 7, ஏற்ற இறக்கம் 3-ன்னு உண்மைய போட்டா, 7 தடவ 8-ஓட வர்க்கம் 64 அதாவது 448, அதோட 40-ஓட வர்க்கத்த 3-ஓட வர்க்கம் 9-ஆல பெருக்கின 14,400, ரெண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து 1.65-ஆல பெருக்குங்க, 201 வரும். ரீஆர்டர் லெவல் 7 நாள் விக்கிற 280-ம் 201-ம் சேத்து 481. நீங்க வச்சிருக்கறது 186. சராசரியா 7 நாள்ல வந்தாலே 280 வேணுமே, லேட்டே ஆகாம வந்தாக்கூட 186 எப்படி பத்தும்?

அந்த 448-யும் 14,400-யும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. முதல் எண் வாங்கறவங்களால வர்ற ஏற்ற இறக்கம், ரெண்டாவது லாரி எப்ப வரும்னு தெரியாததால வர்றது. ஃபோர்காஸ்ட் சரியில்ல, டெப்போ சரியா சொல்றதில்லன்னு ஒவ்வொரு ரிவ்யூ காலிலயும் பேசறோமே, இந்த ஐட்டத்துல டிமாண்ட் ஒரு பிரச்சனையே இல்ல, பிரச்சனை முழுக்க டிஸ்பேட்ச்ல இருக்கு. லாரி ஒழுங்கா குறிச்ச நாள்ல வந்தாலே போதும், இவ்வளவு ஸ்டாக் நாங்க கேக்கவும் மாட்டோம்.

எல்லாத்துக்கும் 21 நாள்ங்கறதும் அப்படித்தான். எங்ககிட்ட பி-ன்னு இன்னொரு ஐட்டம், அதுவும் சராசரி 40, ஆனா நாலு நாள் கொஞ்சமாத்தான் போகும், அஞ்சாவது நாள் ஒரே ஆள் பெரிய ஆர்டர் போடுவாரு, ஏற்ற இறக்கம் 60 வரைக்கும் வரும். மேல சொன்ன அதே கணக்குல இதுக்கு சேஃப்டி ஸ்டாக் 328. ஏ-க்கு 201, பி-க்கு 328. ரெண்டுக்கும் ஒரே நாள் கணக்கு வச்சா ஒண்ணுல தேங்கும் ஒண்ணுல தீரும். மாசத்துக்கு பத்து கார்ட்டன்கூட போகாத ஐட்டங்கள எதுக்கு ஒன்பது டெப்போலயும் வைக்கணும்னே எனக்கு புரியல. 1976-ல டேவிட் மெய்ஸ்டர் எழுதின வர்க்கமூல விதி உங்களுக்கு தெரியாம இருக்காது. ஒரு இடத்தோட டிமாண்டுக்கும் இன்னொரு இடத்தோட டிமாண்டுக்கும் சம்பந்தமில்லாம, எல்லா இடத்துலயும் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரே அளவுல இருந்தா, ஒன்பது இடத்துல பிரிச்சு வைக்கிற சேஃப்டி ஸ்டாக்க ஒரே இடத்துல வச்சா மூணுல ஒரு பங்கு போதும். ஸ்லோ மூவிங் மையத்துலயே இருக்கட்டும், ரெண்டு நாள் கூட ஆனாலும் அத கேக்கறவரு காத்திருப்பாரு. ஏ கேக்கறவரு காத்திருக்கமாட்டாரு.

மூணாவது மாசம் இன்னொண்ணு நடந்துச்சு, இத நீங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். ஏ சரியா கிடைக்காதுன்னு தெரிஞ்சதும் டீலர்ங்க 20 வேண்டிய இடத்துல 40 கேக்க ஆரம்பிச்சாங்க, சிலரு எங்ககிட்டயும் பக்கத்து டெப்போலயும் ரெண்டு இடத்துலயும் ஆர்டர் போட்டாங்க, யாரு முதல்ல தர்றாங்களோ அங்க எடுத்துட்டு மத்தத கேன்சல் பண்ணிக்கலாம்னு. தப்பு அவங்க மேல இல்ல, சரக்கு வராதுன்னு பயந்தா யாரும் செய்யறதுதான். ஆனா ஒரு மாசம் 28-ன்னு பாத்த சிஸ்டம் அடுத்து திடீர்னு 70-ன்னு பாத்துச்சு, நீங்க ஃபேக்டரிக்கு கூடுதலா சொன்னீங்க, அது தயாராகி வர்றதுக்குள்ள பாதி ஆர்டர் கேன்சல்.

கீழ வர்ற சின்ன அசைவு மேல போகப்போக பெரிய அலையாகற இதத்தான் புல்விப் எஃபெக்ட்னு சொல்றாங்க. 1961-லயே ஜே ஃபாரஸ்டர் இத மாதிரி அலை எப்படி வருதுன்னு காட்டிட்டாரு, 1997-ல ஹாவ் லீ, பத்மநாபன், வாங் மூணு பேரும் காரணங்கள நாலா பிரிச்சு எழுதினாங்க: ஒவ்வொரு கட்டத்துலயும் கீழ இருந்து வர்ற ஆர்டர வச்சே ஃபோர்காஸ்ட மாத்திக்கறது, ஆர்டர மொத்தமா சேத்து சேத்து போடறது, விலைய ஏத்தி இறக்கறது, பற்றாக்குறை வந்தா பங்கு போட்டு தர்றதால வாங்கறவங்க கூட்டி கேக்கறது. பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனிக்காரங்களுக்கு அவங்க டயபர் ஆர்டர பாத்தப்பதான் இது உறைச்சுது, குழந்தைங்க ஒரே சீரா பயன்படுத்தற சாமானுக்கு மேல போகப்போக ஆர்டர் மட்டும் ஏன் இப்படி ஏறி இறங்குதுன்னு. நாலுல விலைய தவிர மத்த மூணையும் இந்த சர்குலர் ரூலாவே ஆக்கிடுச்சு. மாசக் கடைசில முழு லோடா அனுப்பறதுதான் சேத்து சேத்து போடறது, வேற என்ன?

பங்கு பிரிக்கறதப்பத்தி நடந்ததயே சொல்றேன். ஏ ஐட்டம் மையத்துல 1000 கார்ட்டன்தான் இருந்துச்சு, கேட்ட டெப்போ மூணு. ஒரு டெப்போல தினம் 50 போகும், கைல 500 இருந்துச்சு, 10 நாளுக்கு வரும். இன்னொண்ணுல தினம் 100 போகும், கைல 200, ரெண்டே நாள். மூணாவதுல தினம் 50, கைல ஒண்ணுமே இல்ல. முதல் டெப்போ முதல்ல ஆர்டர் போட்டுச்சுன்னு அதுக்கு 500 போச்சு, மிச்சத்த ரெண்டு பேரும் பிச்சுக்கிட்டாங்க. நாள் கணக்குல சமமா பிரிச்சிருந்தா முதல் டெப்போவுக்கு இப்போதைக்கு ஒண்ணும் வேணாம், ரெண்டாவதுக்கு 600, மூணாவதுக்கு 400, ரெண்டு இடத்துலயும் 8 நாளுக்கு வந்திருக்கும், யாருக்கும் தீந்திருக்காது. அதே 1000 கார்ட்டன். ஒரு கார்ட்டன்கூட கூடுதலா தயாரிக்க வேண்டியதில்ல, வேற லாரில ஏத்தினா போதும்.

நம்ம சிஸ்டத்துல டிஆர்பி (டிஸ்ட்ரிபியூஷன் ரெக்கொயர்மென்ட்ஸ் பிளானிங்) மாட்யூல் இருக்கு. 1970களோட கடைசில கனடாவுல அபாட் லேபரட்டரீஸ்ல ஆந்த்ரே மார்ட்டினும் அவரோட டீமும் இத வளத்ததே இந்த நோய்க்குத்தான். ஃபேக்டரிக்குள்ள மெட்டீரியல் பிளானிங்குக்கு இருந்த அதே லாஜிக்க டெப்போ வரைக்கும் கொண்டு வந்தாங்க: ஒவ்வொரு டெப்போவுக்கும் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் வாரவாரம் எவ்வளவு போகும், எவ்வளவு வந்துட்டு இருக்கு, எந்த வாரம் சேஃப்டி ஸ்டாக்குக்கு கீழ இறங்கும், அதுக்கு முன்னாடி வந்து சேரணும்னா எந்த தேதில கிளம்பணும். எல்லா டெப்போவோட கிளம்பற தேதியையும் கூட்டினா அதுதான் மையத்தோட தேவை, ஃபேக்டரி ஆறு வாரம் முன்னாடியே பாத்துக்கலாம். இதோட உயிரே அந்த தேதிதான். நீங்க அதுலருந்து தேதிய எடுத்துட்டு லோடு சைஸ வச்சிட்டீங்க.

லாரி பாதியா போனா யாருக்கு நஷ்டம்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான், காலியா லாரி ஓட்டுங்கன்னு நான் சொல்லல. ஆனா நிரப்பறதுக்கும் ஒரு முறை இருக்கு. அடுத்த வாரம் எது கிளம்பணுமோ அத முன்னாடியே ஏத்துங்க, இன்னும் மூணு மாசத்துக்கு வேண்டாதத ஏத்தாதீங்க. ஒரே ரூட்டுல ரெண்டு டெப்போ இருக்கு, ரெண்டுக்கும் பாதி பாதி ஏத்தி ஒரே லாரில அனுப்பலாம், நானும் பக்கத்து டெப்போ இன்சார்ஜும் எழுதியே கொடுத்தோம், அவரு கடைசில இறங்கற லோட உள்பக்கம் அடுக்கச் சொல்லி படமே வரஞ்சு அனுப்பினாரு. பதில் வரல. லோடு சேர காத்திருக்கற ஒவ்வொரு நாளும் லீட் டைம்தான், அந்த நாளுக்கான சேஃப்டி ஸ்டாக்க ஒன்பது டெப்போலயும் யாரோ வச்சே ஆகணும். லாரி நிரப்பினதுல மிச்சம் பிடிச்சத மட்டும் எண்ணறீங்க, அந்த ஸ்டாக்கையும் விக்காத 9 நாளையும் யாரும் எண்ணறதில்ல.

எங்க பக்கமும் குறை இருக்கு, மறைக்கல. டேமேஜ் ஆன கார்ட்டன தனியா எடுத்து வச்சிட்டு சிஸ்டத்துல மாத்தாம விட்டிருக்கோம், சிஸ்டத்துல 60 ரேக்குல 45-ன்னு கவுன்ட்ல பிடிபட்டிருக்கு. கணக்குல இருக்கு கைல இல்லன்னா எந்த பிளானும் நிக்காது. போன மாசத்துலருந்து வேகமா போற ஐட்டங்கள வாரம் ஒரு தடவ எண்ண ஆரம்பிச்சுட்டோம், டேமேஜ அன்னைக்கே மாத்தறோம். ஆனா மூணு லாரி ஒரே நேரத்துல நின்னா முதல்ல நிக்கறது இந்த எண்ணற வேலைதான், அதே ஆளுங்கதான் இறக்கணும்.

எண்ண மாத்துற ஆப்ஷன ஏன் லாக் பண்ணீங்கன்னு புரியுது. சில டெப்போ பயந்து கூட்டி கேட்டாங்க, அது உண்மை. ஆனா ஏன் பயந்தாங்க? சரக்கு வரும்னு நம்பிக்கை இருந்தா யாரு கூட்டி கேப்பாங்க? 8 நாள் லாரி கிளம்பலன்னு எனக்கு மட்டும் தெரியும், பக்கத்து டெப்போல அதே ஐட்டம் 900 கார்ட்டன் சும்மா கிடக்குன்னு போன்ல அந்த இன்சார்ஜ் சொல்லித்தான் எனக்கு தெரிஞ்சுது, ரெண்டு டெப்போவுக்கும் நடுவுல அரை நாள் தூரம். ஸ்டாக் டிரான்ஸ்ஃபருக்கு அப்ரூவல் கேட்டோம். அப்ரூவல் வந்தப்ப முழு லோடு லாரியே வந்து சேந்துடுச்சு. இப்ப அந்த வாயையும் மாசத்துக்கு ஒரு மெயில்னு அடைச்சா அடுத்த தடவ இது உங்களுக்கு தெரியவே தெரியாது.

அதனால இத கேக்கறேன், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பதில் வேணும்.

சர்குலர அப்படியே நிறுத்தி வைங்க. டிரையல் ஓடின டெப்போக்காரங்கள ஒரு நாள் உக்கார வச்சு கேட்ட பிறகு மறுபடி பேசலாம், எங்க நோட்டோட காப்பிய நான் கொண்டு வர்றேன். லீட் டைம ஒவ்வொரு டெப்போவுக்கும் ஆர்டர் விழுந்த நாள்லருந்து ஜிஆர்என் முடியற நாள் வரைக்கும் அளந்து போடுங்க, சராசரி மட்டும் இல்ல ஏற்ற இறக்கமும் வேணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. லாரில ஏறி குடோன் கேட்ட தாண்டின பிறகுதான் சரக்கு டிரான்சிட்னு காட்டணும். ஸ்டாக் இல்லாத நாள ஃபோர்காஸ்ட்லருந்து எடுத்துடுங்க, அந்த நாள்ல டீலர் கேட்டு நாங்க இல்லன்னு சொன்னத பதிவு பண்ண சிஸ்டத்துல ஒரு இடம் குடுங்க, நாங்க தினமும் போடறோம்.

எங்க ரூட்டுக்கு வாரத்துல ரெண்டு நாள் குறிச்சு, நிரம்பினாலும் நிரம்பலன்னாலும் அந்த நாள்ல லாரி கிளம்பணும், பக்கத்து டெப்போவோட சேத்து அனுப்பினாலும் சரி. மையத்துல பத்தலன்னா முதல்ல கேட்டவருக்கு முதல்லன்னு இல்லாம நாள் கணக்குல சமமா பிரிங்க, எப்படி பிரிச்சீங்கன்னு ஒன்பது டெப்போவுக்கும் தெரியட்டும். டெப்போக்குள்ள ஸ்டாக் டிரான்ஸ்ஃபருக்கு ஒரு அளவு வரைக்கும் இன்சார்ஜே முடிவு பண்ணலாம்னு விடுங்க. மாத்துற ஆப்ஷன திறங்க, காரணம் எழுதாம யாரும் மாத்த முடியாதுன்னு வைங்க, யாரு எவ்வளவு மாத்தினாங்க அது சரியா போச்சான்னு மாசாமாசம் பாருங்க, நான் தப்பா மாத்தியிருந்தா என்னையே கேளுங்க.

நடைபாதைல இருக்கிற ஸ்லோ மூவிங் லோட இந்த வாரமே திருப்பி எடுக்கவோ வேண்டிய டெப்போவுக்கு மாத்தவோ ஆர்டர் போடுங்க. அடுத்த மாச டிஸ்பேட்ச் பிளான் லாக் ஆகறதுக்கு முன்னாடி எனக்கு பதில் வரணும், ஏன்னா இன்னைக்கு காலைல எண்ணினப்ப ஏ ஐட்டம் 210 கார்ட்டன் இருந்துச்சு, ஆர்டர் இன்னும் விழல.

இப்படிக்கு,
டிரையல்ல இருந்த ஒரு டெப்போ இன்சார்ஜ்